நீர்மை விகிதம் தவறாக வரும்போது எங்கே பார்ப்பது: அறிகுறி வாரியாக விரிதாள் பிழை நீக்கம்

நடப்பு விகிதம், விரைவு விகிதம், ரொக்க விகிதம் ஆகிய மூன்றையும் விரிதாளில் கணக்கிட வேண்டிய சூத்திரங்கள் மிகச் சிறியவை. ஓராண்டுக்குள் பணமாகும் நடப்புச் சொத்து, அதில் விரைவில் பணமாகும் பகுதி, ரொக்கம் ஆகியவற்றில் ஒன்றை நடப்புப் பொறுப்பால், அதாவது ஓராண்டுக்குள் தீர்க்க வேண்டிய கடன்களால் வகுத்தால் வேலை முடிந்தது. ஆனால் வகுபடும் எண்ணும் வகுக்கும் எண்ணும் நூற்றுக்கணக்கான பேரேட்டுக் கணக்குகளிலிருந்து திரண்டு வருபவை என்பதால், பிழை பெரும்பாலும் வகுத்தலுக்கு முன்பே உள்ளே நுழைந்துவிடுகிறது. பிழைக் குறி காட்டும் செல்லைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை; அதை அப்படியே வங்கிக்கு அனுப்புவார் இல்லை. 1.4 என்று நம்பத்தக்க தோற்றத்தில் வந்து நிற்கும் தவறான விகிதமே ஆபத்தானது. ஆகவே கண்ணில் படும் பிழைகளை விரைவாகக் கடந்து, சத்தமில்லாத பிழைகளில் நின்று பார்ப்போம்.

எடுத்துக்காட்டுக்கு, பொள்ளாச்சியில் அலுவலகமும், கோபாலபுரத்தைத் தாண்டிப் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில் கொப்பரைக் கிடங்கும் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். எல்லைக்கு இருபுறமும் இயங்குவதால் அதற்கு 33 என்று தொடங்கும் தமிழ்நாட்டு ஜிஎஸ்டி எண் ஒன்றும், 32 என்று தொடங்கும் கேரள எண் ஒன்றும் உண்டு, இருப்பாய்வும் (எல்லாக் கணக்குகளின் பற்று வரவு மீதிகளைத் திரட்டிய பட்டியல்) இரண்டு. இரண்டையும் ஒரே தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டியிருக்கிறோம். ஏ நெடுவரிசையில் கணக்கின் பெயர், பி-யில் பற்று, சி-யில் வரவு, டி-யில் கிளை, ஈ-யில் வகை, எஃப்-இல் பற்றிலிருந்து வரவைக் கழித்த நிகரம். சொத்து கூட்டல் குறியோடும் பொறுப்பு கழித்தல் குறியோடும் நிற்கும். ஈ நெடுவரிசையின் வகை, தனித்தாளில் உள்ள வகைப்பட்டியலிலிருந்து தேடி எடுக்கப்படுகிறது. சூத்திரங்களின் பெயர்களை இங்கே ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன். மென்பொருளில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும், தேடத் தொடங்கும் முன் இரண்டு சரிபார்ப்புச் செல்களை அமைத்துவிடுங்கள். ஒன்று, =ஏபிஎஸ்(சம்(எஃப்:எஃப்))<1. இருப்பாய்வு சமமாக இருந்தால் இது உண்மை என்று காட்டும். பூஜ்யத்தோடு நேரடியாக ஒப்பிடாமல் ஒரு ரூபாய்க்குக் குறைவா என்று கேட்பதற்குக் காரணம், தசமக் கூட்டலில் கணினி மிகச் சிறிய மிச்சம் ஒன்றை விட்டுவைப்பதுண்டு என்பதே. மற்றொன்று, வகை கிடைக்காத கணக்குகளின் எண்ணிக்கை: =கவுண்ட்இஃப்(ஈ:ஈ,"வகையில்லை"). இது 0 ஆக இருக்க வேண்டும்.

அறிகுறி: செல்லில் பிழைக் குறி நிற்கிறது

#நேம்? என்று வந்தால் சூத்திரத்தின் பெயரில் எழுத்துப் பிழை, அல்லது உங்கள் பதிப்பில் அந்தச் சூத்திரம் இல்லை. தேடல் சூத்திரமான எக்ஸ்லுக்கப் எக்செல் 2021-லும் சந்தாப் பதிப்பிலும் உண்டு. 2016, 2019 பதிப்புகளில் இல்லை. பொள்ளாச்சியில் எழுதிய கோப்பைக் கிடங்கில் உள்ள பழைய கணினியில் திறந்தால் இந்தக் குறி வருவது இதனால்தான். இண்டெக்ஸ், மேட்ச் இரண்டையும் இணைத்து எழுதினால் எல்லாப் பதிப்பிலும் ஓடும். #ரெஃப்! என்றால் சூத்திரம் சுட்டிய வரிசையையோ தாளையோ யாரோ நீக்கிவிட்டார்கள். உடனே செயல்தவிர்ப்பதே எளிய வழி. நிபந்தனைக்குப் பொருந்துவதை மட்டும் கூட்டும் சம்இஃப்ஸ் சூத்திரத்தில் #வேல்யூ! வந்தால், கூட்டும் பகுதியும் நிபந்தனைப் பகுதியும் ஒரே நீளத்தில் இல்லை என்று பொருள்.

#டிவ்/0! வந்தால் வகுக்கும் எண் பூஜ்யம். நடப்புப் பொறுப்பே இல்லாத வணிக நிறுவனம் அரிது என்பதால், பெரும்பாலும் வகையின் பெயர்தான் பொருந்தவில்லை. சூத்திரத்தில் "நடப்புப் பொறுப்பு" என்றும் பட்டியலில் "நடப்புப் பொறுப்புகள்" என்றும் இருந்தால் போதும், கூட்டல் பூஜ்யமாகிவிடும்.

#என்/ஏ கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டியது. தேடிய பெயர் பட்டியலில் இல்லை என்று அது சொல்கிறது. ஆனால் கண்ணுக்கு அந்தப் பெயர் இருப்பதாகவே தெரியும். எல்லைப் பகுதியில் முதல் காரணம் எழுத்துக்கூட்டல். பொள்ளாச்சியில் ஒருவர் 'பால்காட் ஆயில் மில்' என்று தொடங்கிய கணக்கைச் சித்தூரில் இருப்பவர் 'பாலக்காட் ஆயில் மில்' என்று தொடங்கியிருப்பார். இரண்டும் ஒரே வாடிக்கையாளர் என்பது நமக்குத் தெரியும், மென்பொருளுக்குத் தெரியாது. வகைப்பட்டியலில் இரண்டு பெயரையும் தனித்தனி வரிசையாகச் சேர்ப்பதே பாதுகாப்பான தீர்வு. இரண்டாவது காரணம் வெற்றிடம். பெயரின் முன்னும் பின்னும் ஒட்டியிருக்கும் சாதாரண வெற்றிடத்தை டிரிம் நீக்கிவிடும். ஆனால் உலாவியிலிருந்து நகலெடுத்த பட்டியலில் 160 என்ற குறியெண் கொண்ட வேறொரு வெற்றிடம் இருக்கலாம், அதை டிரிம் தொடாது. =டிரிம்(சப்ஸ்டிட்யூட்(ஏ2,கேர்(160)," ")) என்று எழுதினால் இரண்டும் போய்விடும். பெயருக்குப் பதிலாகக் குறியெண்ணை வைத்துத் தேடுவோர், ஒரு தாளில் 33 எண்ணாகவும் மறு தாளில் உரையாகவும் இருக்கிறதா என்று பாருங்கள். சம்இஃப்ஸ் இரண்டையும் ஒன்றாகவே கொள்ளும், தேடல் சூத்திரங்கள் கொள்ளா.

இந்தக் குறி அசிங்கமாக இருக்கிறது என்பதற்காக இஃப்எரர் போட்டுப் பூஜ்யமாக்கிவிடுவது பரவலான பழக்கம். அதைக் கைவிடுமாறு வற்புறுத்திச் சொல்வேன். கிடைக்காத கணக்குக்குப் பூஜ்யம் என்றோ வெற்றுச் செல் என்றோ விடை வந்தால், அந்தத் தொகை விகிதத்திலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் விலகிவிடுகிறது. விடையாக "வகையில்லை" என்ற சொல்லை வைத்தால், மேலே அமைத்த இரண்டாவது சரிபார்ப்புச் செல் அதைப் பிடித்துக்கொடுக்கும்.

அறிகுறி: கூட்டுத்தொகை பூஜ்யம், அல்லது எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு

எண் போலத் தோன்றுவது உரையாக இருக்கிறது. சம், சம்இஃப்ஸ் ஆகிய இரண்டும் உரையைக் கூட்டாமல் தாண்டிப் போகும். எந்த எச்சரிக்கையும் தராது. ஆனால் =பி5+பி6 என்று கூட்டல் குறியால் எழுதினால் மென்பொருள் அந்த உரையை எண்ணாக மாற்றிக் கூட்டிவிடும். ஆகவே ஒரே இரு செல்களுக்கு இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்து, விடை வேறுபட்டால், காரணம் உறுதி. முழு நெடுவரிசைக்கும் பார்க்க வேண்டுமானால் கவுண்ட் எண்களை மட்டும் எண்ணும், கவுண்ட்ஏ நிரம்பிய எல்லாச் செல்களையும் எண்ணும். தலைப்பை விட்டுவிட்டால் இரண்டும் ஒத்திருக்க வேண்டும்.

சரிசெய்ய, 1 என்று எழுதிய செல்லை நகலெடுத்து, தொகைப் பகுதியின் மேல் சிறப்பு ஒட்டலில் பெருக்கலைத் தேர்ந்து ஒட்டலாம். 160 குறியெண் வெற்றிடம் ஒட்டியிருந்தால் இது பலிக்காது. அப்போது சப்ஸ்டிட்யூட் கொண்டு அந்த வெற்றிடத்தையும் காற்புள்ளிகளையும் நீக்கி, பிறகு வேல்யூ கொண்டு எண்ணாக்குங்கள்.

இதே அறிகுறிக்கு இன்னொரு காரணம் பழைய சம்இஃப். நிபந்தனைப் பகுதி ஈ2:ஈ300 ஆகவும் கூட்டும் பகுதி எஃப்2:எஃப்250 ஆகவும் இருந்தால் சம்இஃப்ஸ் பிழை காட்டும். சம்இஃப் காட்டாமல் கூட்டும் பகுதியைத் தானே நீட்டிக்கொள்ளும். அது சில வேளை நன்மையாகவே முடியும். ஆனால் எஃப்3-இல் தொடங்கிவிட்டால் ஒவ்வொரு வகையும் அடுத்த வரிசையின் தொகையை எடுத்துக்கொள்ளும். பகுதிகளின் நீளம் ஒன்றாக இருந்தால் இந்த இடப்பெயர்ச்சியைச் சம்இஃப்ஸும் கண்டுபிடிக்காது.

அறிகுறி: விகிதத்துக்குக் கழித்தல் குறி வருகிறது

நிகரத்தில் பொறுப்புகள் எதிர்மறையாக இருப்பதால், வகுக்கும் எண்ணின் முன் ஒரு கழித்தல் குறி வேண்டும்: =சம்இஃப்ஸ்(எஃப்:எஃப்,ஈ:ஈ,"நடப்புச் சொத்து")/-சம்இஃப்ஸ்(எஃப்:எஃப்,ஈ:ஈ,"நடப்புப் பொறுப்பு"). குறியை மறைக்க ஏபிஎஸ் போடுவோர் உண்டு, அது வேண்டாம். பொறுப்பின் மொத்தம் உண்மையிலேயே பற்றாகப் புரண்டிருந்தால், அதைக் காட்டிக்கொடுக்கும் ஒரே தடயத்தையும் ஏபிஎஸ் அழித்துவிடும்.

எல்லாத் தொகையும் கூட்டல் குறியோடே வந்திருந்தால், ஏற்றுமதியைச் சந்தேகிக்க வேண்டும். கணக்கு மென்பொருளிலிருந்து வரும் தாளில் பற்று, வரவு என்ற எழுத்துகள் செல்லின் தோற்ற வடிவத்தில் மட்டும் இருந்து, உள்ளே வெறும் எண் இருப்பதுண்டு. செல்லைச் சொடுக்கிச் சூத்திரப் பட்டையைப் பாருங்கள். அங்கே எண் மட்டும் தெரிந்தால், பற்றையும் வரவையும் இரு நெடுவரிசைகளில் பிரித்துத் தரும் வடிவில் மீண்டும் ஏற்றுமதி செய்வதைவிடச் சிறந்த வழி இல்லை. அப்படிச் செய்யும்போது குழு மொத்தங்களையும் நீக்கிவிடுங்கள். எல்லாக் குழுக்களும் இருமுறை கூட்டப்பட்டால் விகிதம் மாறவே மாறாது என்பதால் அந்தப் பிழை ஒளிந்திருக்கும். கடனாளிகள் (நமக்குப் பணம் தர வேண்டியவர்கள்) குழுவை மட்டும் விரித்து ஏற்றுமதி செய்த நாளில்தான் விகிதம் திடீரென்று உயரும்.

அறிகுறி: விரைவு விகிதம் நடப்பு விகிதத்தைவிடப் பெரிதாக இருக்கிறது

இது நடக்கவே கூடாதது. சரக்கிருப்பையும் முன்கூட்டிச் செலுத்திய செலவையும் கழித்தபின் மிஞ்சுவதே விரைவுச் சொத்து. கழித்தபின் எண் கூடுகிறது என்றால் சரக்கிருப்பே எதிர்மறையாக நிற்கிறது. சித்தூர்க் கிடங்கில் வரத்து பதிவதற்கு முன் விற்பனை பதிந்துவிட்டால் இப்படி ஆகும். விரிதாளில் திருத்தாமல் கணக்கேட்டில் திருத்த வேண்டிய பிழை இது.

இதற்கு உறவான, ஆனால் சத்தமில்லாத ஒன்றும் உண்டு: சரக்கிருப்பின் தொகை சென்ற ஆண்டு இறுதித் தொகையோடு பைசா பிசகாமல் ஒத்திருப்பது. இருப்பாய்வில் உள்ளது தொடக்கச் சரக்கிருப்பு. இறுதிச் சரக்கிருப்பு சரிக்கட்டுப் பதிவாக வந்து சேர வேண்டியது. கொப்பரை விலை ஓராண்டுக்குள் வெகுவாக ஏறி இறங்கக்கூடிய பொருள் என்பதால், இந்த ஒரு வரி நடப்பு விகிதத்தை முழுவதுமே புரட்டிப்போட்டுவிடும்.

அறிகுறி: எல்லாம் சரியாகத் தெரிகிறது, ஆனால் வங்கி போட்ட எண்ணோடு ஒத்துப்போகவில்லை

பெரும்பாலும் வங்கி போட்டதே சரியாக இருக்கும், ஏனெனில் இங்கே பிழை சூத்திரத்தில் இல்லை, வகைப்படுத்தலில் இருக்கிறது. மேல்வரைப்பற்றுக் கணக்கு (இருப்புக்கு மேல் வங்கியிலிருந்து எடுக்கும் கடன்) மென்பொருளில் வங்கிக் கணக்குகள் குழுவில் இருப்பதால் சொத்தாக வகைப்பட்டு, எதிர்மறைச் சொத்தாக மேலே கழிந்துவிடும். மற்ற நடப்புச் சொத்து 90 லட்சம், மற்றப் பொறுப்பு 50 லட்சம், மேல்வரைப்பற்று 30 லட்சம் என்று கொள்வோம். மேலே கழித்தால் 60-ஐ 50-ஆல் வகுத்து 1.20 வரும், சரியான இடமான கீழே கூட்டினால் 90-ஐ 80-ஆல் வகுத்து 1.125 வரும். தீர்வு, வகையோடு குறியையும் நிபந்தனையாக்குவது. வங்கி, கடனாளி, கடனீந்தோர் (நாம் பணம் தர வேண்டியவர்கள்) ஆகிய மூன்று வகைகளுக்கும் ">0" என்ற நிபந்தனையோடு ஒரு சம்இஃப்ஸ் சொத்துக்கும், "<0" என்ற நிபந்தனையோடு ஒன்று பொறுப்புக்கும் எழுதுங்கள். தோப்புக்காரர்களுக்குக் கொடுத்த முன்பணம் கடனீந்தோர் குழுவில் பற்றாக நிற்பதையும், எண்ணெய் ஆலைகளிடம் வாங்கிய முன்பணம் கடனாளிகள் குழுவில் வரவாக நிற்பதையும் இதுவே பிரித்துவிடும்.

அடுத்தது நீண்டகாலக் கடன். அடுத்த 12 மாதங்களில் கட்ட வேண்டிய அசல் நடப்புப் பொறுப்பு. 2013 நிறுமச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தப்படி, அது குறுகியகாலக் கடன்களின் கீழ் தனியாகக் காட்டப்படுகிறது. சமத் தவணைக் கடனாக இருந்தால் அந்த அசலைக் கம்பிரின்க் சூத்திரம் தரும். ஆண்டு வட்டி வீதத்தைப் பன்னிரண்டால் வகுத்துக் கொடுக்க வேண்டும். விடை எதிர்மறையாக வரும். நம் தாளில் பொறுப்பும் எதிர்மறை என்பதால் குறியை மாற்றாமல் சேர்க்கலாம், ஆனால் அதே தொகையை நீண்டகாலக் கடனிலிருந்து குறைக்க மறக்கக் கூடாது.

கடனாளிகளின் பாக்கி எத்தனை நாள் பழையது என்று பிரிக்கும் இடத்தில் தேதிச் சிக்கல் வரும். "<=ஈ1" என்று மேற்கோளுக்குள் செல்லின் பெயரை எழுதினால் மென்பொருள் அதை வெறும் எழுத்தாகவே கொண்டு பூஜ்யம் தரும்; "<="&ஈ1 என்று இணைப்புக் குறியோடு எழுத வேண்டும். மாதம் முந்தும் அமெரிக்க அமைப்பில் உள்ள கணினியில் 05/04 மே 4 ஆகிவிடும், 25/04 உரையாகவே நிற்கும். ஒரே நெடுவரிசையில் சில தேதிகள் இடப்புறமும் சில வலப்புறமும் ஒட்டியிருந்தால் இதுவே காரணம்.

பெயரில் ஊரை வைத்து நட்சத்திரக் குறியால் வடிகட்டுவோருக்கு ஓர் எச்சரிக்கை. "*சித்தூர்*" என்ற நிபந்தனை பாலக்காட்டுச் சித்தூரையும் ஆந்திரச் சித்தூரையும் சேர்த்தே அள்ளும். 37 என்று தொடங்கும் ஆந்திர வாடிக்கையாளரும் இருந்தால், ஊரை விட்டுவிட்டு மாநிலக் குறியெண்ணை நிபந்தனையாக்குங்கள்.

அறிகுறி: இரு கிளைகளையும் சேர்த்தால் விகிதம் புரியாதபடி மாறுகிறது

எல்லை தாண்டித் தொழில் செய்வோர் அதிகம் தடுமாறும் இடம் இது. ஜிஎஸ்டி சட்டத்தில் ஒரே நிறுவனத்தின் இரு மாநிலப் பதிவுகள் இரு தனித்தனி நபர்களாகக் கருதப்படுவதால், பொள்ளாச்சியிலிருந்து சித்தூருக்குப் போகும் கொப்பரைக்கும் விலைப்பட்டியல் போட்டு, மாநிலங்களுக்கிடையிலான வரியான ஐஜிஎஸ்டி செலுத்த வேண்டும். விளைவாக, பொள்ளாச்சிக் கணக்கில் சித்தூர் கடனாளியாகவும், சித்தூர்க் கணக்கில் பொள்ளாச்சி கடனீந்தவராகவும் நிற்கும்.

பொள்ளாச்சியின் நடப்புச் சொத்து 50 லட்சம், அதில் சித்தூர் தர வேண்டியது 20, பொறுப்பு 25. விகிதம் 2.00. சித்தூரின் நடப்புச் சொத்து 30, பொறுப்பு 35, அதில் பொள்ளாச்சிக்குத் தர வேண்டியது 20. விகிதம் 0.86. அப்படியே கூட்டினால் 80-ஐ 60-ஆல் வகுத்து 1.33 வரும். நிறுவனம் தனக்குத்தானே தர வேண்டிய 20 லட்சத்தை இருபுறமும் நீக்கினால் 60-ஐ 40-ஆல் வகுத்து 1.50. ஒன்றுக்கு மேற்பட்ட விகிதத்தில் மேலும் கீழும் ஒரே தொகையைக் குறைத்தால் விகிதம் உயரும், ஒன்றுக்குக் கீழிருந்தால் தாழும். மார்ச் 31-க்கு முந்தைய நாள் கடனீந்தோருக்குப் பணம் கொடுத்து விகிதத்தை அழகுபடுத்துவதும் இதே கணக்குதான். கிளைகளைத் தனித்தனியே மதிப்பிட்டாலும் உள்கடனை நீக்காமல் முடிவெடுக்கக் கூடாது. நீக்கிப் பார்த்தால் பொள்ளாச்சி 30-க்கு 25, அதாவது 1.20, சித்தூர் 30-க்கு 15, அதாவது 2.00. பலவீனமாகத் தெரிந்த கிளையே வெளியாருக்குக் கொடுக்க வேண்டியதைத் தாராளமாகத் தாங்கி நிற்கிறது.

செய்ய வேண்டியது, இவ்விரு கணக்குகளுக்கும் "கிளைக் கணக்கு" என்று தனி வகை கொடுத்து இரு விகிதங்களிலிருந்தும் விலக்கி, அந்த வகையின் நிகரக் கூட்டல் பூஜ்யமா என்று ஒரு செல்லில் கேட்பது. பூஜ்யம் இல்லையென்றால், மார்ச் 31 இரவு பொள்ளாச்சியில் ஏற்றி ஏப்ரல் 1 அன்று சித்தூரில் இறங்கிய லாரியைத் தேடுங்கள். பற்றாக மிஞ்சும் அந்தத் தொகையில் வரி நீங்கலான பகுதி வழியில் இருக்கும் சரக்காகச் சரக்கிருப்பில் சேர வேண்டும். அடக்க விலைக்கு மேல் விலைப்பட்டியல் போட்டிருந்தால், கிடங்கில் இன்னும் விற்காமல் இருக்கும் சரக்கிலிருந்து அந்த உள்லாபத்தையும் கழிக்க வேண்டும்.

இங்கே நீக்கக் கூடாதது ஒன்று உண்டு. பொள்ளாச்சி அரசுக்குக் கட்ட வேண்டிய வரி 3 லட்சம், சித்தூர் கையில் உள்ள உள்ளீட்டு வரி வரவு (கொள்முதலில் கட்டிய வரிக்காகக் கிடைக்கும் கழிவு) 3 லட்சம் என்று இருந்தால் இரண்டையும் நேர்செய்யத் தோன்றும். ஒரு மாநிலப் பதிவின் வரவை மறு மாநிலப் பதிவின் வரிக்கு ஈடுகட்ட முடியாது. நேர்செய்தால் 57-ஐ 37-ஆல் வகுத்து 1.54 என்று விகிதம் பொய்யாக உயரும்.

அறிகுறி: செல்லில் 1.33 என்று இருக்கிறது, பக்கத்துச் செல் "குறைவு" என்கிறது

65-ஐ 49-ஆல் வகுத்தால் 1.3265. இரண்டு தசம இடங்களில் அது 1.33 என்று தெரியும். ஆனால் குறைந்தபட்ச வரம்பான 1.33-க்குக் குறைவா என்று பக்கத்துச் செல்லில் கேட்கும் இஃப் சூத்திரம் தோற்றத்தைப் பார்க்காது, உள்ளே இருக்கும் மதிப்பையே பார்க்கும். ரவுண்ட் போட்டு இரண்டையும் ஒத்துப்போகச் செய்யலாம் என்றாலும், 1.33 எங்கிருந்து வந்தது என்பதை நினைவில் வைப்பது நல்லது. 1974-இல் இந்திய ரிசர்வ் வங்கி அமைத்த டாண்டன் குழுவின் இரண்டாம் முறைப்படி, நடப்புச் சொத்தில் கால் பங்கைக் கடன் பெறுபவர் நீண்டகால நிதியிலிருந்து கொண்டுவர வேண்டும். பொறுப்பு முக்கால் பங்கைத் தாண்டாது என்றால் விகிதம் நாலில் மூன்றின் தலைகீழ், அதாவது 1.3333. ஆகவே வரம்பை 1.33 என்று தட்டாமல் =4/3 என்று ஒரு செல்லில் வைத்து, முழுமைப்படுத்தாத விகிதத்தை அதனோடு ஒப்பிடுவதே என் தேர்வு.

அறிகுறி: ஆண்டுச் சராசரி நன்றாக இருக்கிறது, கையில் பணம் இல்லை

ஓணத்துக்கு முன் கேரளத்தில் தேங்காய் எண்ணெய்க்குத் தேவை பெருகுவதால் கொப்பரைக் கொள்முதலும் அதற்கான கடனும் ஜூலையில் உச்சத்துக்குப் போகும் என்று கொள்வோம். ஏப்ரலில் 48-க்கு 30, ஜூலையில் 120-க்கு 100, அக்டோபரில் 60-க்கு 40, ஜனவரியில் 40-க்கு 20 என்று இருந்தால் விகிதங்கள் முறையே 1.60, 1.20, 1.50, 2.00. இவற்றுக்கு ஆவரேஜ் போட்டால் 1.575 வரும். சொத்துகளைக் கூட்டிப் பொறுப்புகளின் கூட்டலால் வகுத்தால் 268-க்கு 190, அதாவது 1.41. சிறிய மாதமான ஜனவரிக்கும் பெரிய மாதமான ஜூலைக்கும் ஒரே எடை கொடுத்ததால் வந்த வேறுபாடு இது. ஆனால் 1.41 கூட ஜூலையின் நெருக்கடியைச் சொல்லாது. சராசரிக்குப் பக்கத்தில் =மின்(விகித வரிசை) என்று ஒரு செல்லையும், இண்டெக்ஸ், மேட்ச் கொண்டு அது எந்த மாதம் என்று காட்டும் இன்னொரு செல்லையும் வையுங்கள்; வங்கியிடம் கடன் வரம்பை உயர்த்திக் கேட்கப் போகும்போது காட்ட வேண்டிய எண் அந்த மாதத்து எண்தான்.